கடலைச் சரிபார்த்தவர்

மழை வருமா என்று அவரைக் கேட்டவர்கள் எல்லோரும் ஒரே ஒரு முறைதான் கேட்டார்கள். 1983 ஜூன் மாதம் அம்பத்தூர் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் என் எதிர்வீட்டுக்கு அவர் குடிவந்தார். வானிலை இலாகாவில் வேலை என்று தெரிந்ததும் தெரு சந்தோஷப்பட்டது. வடாம் பிழிய இருந்தவர்கள், கான்கிரீட் போட இருந்தவர்கள், மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போட இருந்தவர் என்று வரிசையாகப் போய்க் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான். "தெரியாதுங்க. நேத்து பெஞ்சது தெரியும்."

நேற்றுப் பெய்தது எங்களுக்கும் தெரியும். நனைந்தவர்கள் நாங்கள்தான். ஆனால் எத்தனை மில்லிமீட்டர் நனைந்தோம் என்பது அவருக்கு மட்டும் தெரியும். அந்தக் கூடுதல் அறிவால் யாருடைய வடாமும் காயவில்லை.

உண்மையில் அவர் வேலை மழையே அல்ல, கடல். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோர்ஸில் நான் வேலை பார்த்தேன். வந்த சாமானை எண்ணி எழுதுவது என் பிழைப்பு. அவரோ யாரும் எண்ண முடியாத சாமானை எண்ணிக்கொண்டிருந்தார்.

சரக்குக் கப்பல்களில் போகும் அதிகாரிகள் சிலர் ஒரு நாளைக்கு நான்கு முறை, ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம், காற்று, அலை, மேகம், காற்றழுத்தம் எல்லாவற்றையும் கட்டம் போட்ட பதிவேட்டில் எழுதுவார்கள். கயிறு கட்டிய வாளியைக் கடலில் இறக்கி, நீரை மொண்டு, அதன் சூட்டையும் பார்த்து எழுதுவார்கள். இதற்குச் சம்பளம் கிடையாது. சென்னைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் ஏறி, நிரம்பிய பதிவேட்டை வாங்கிக்கொண்டு புதியது கொடுப்பார் இவர். பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் சரிபார்த்து, முத்திரை குத்தி, வேறொரு ஊரில் இருந்த தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார். அங்கிருந்து அது கணினியின் காந்த நாடாவில் ஏறி உலகம் முழுக்கப் போகும். நாடுகள் கடலைப் பங்கு பிரித்துக்கொண்டு, எந்தக் கொடி போட்ட கப்பலானாலும் இந்தப் பகுதிக் குறிப்பு இந்த நாட்டிடம் சேர வேண்டும், யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று ஓர் ஏற்பாடு செய்திருந்தனவாம். எல்லையில் சுட்டுக்கொள்கிற நாடுகள்கூட இதில் ஒழுங்காகக் கொடுத்து வாங்கும் என்பார். இதை அவர் சொன்ன இடம் எங்கள் தெருக் குழாயடி. அங்கே குடம் வைத்த வரிசைக்காக இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தன.

வாரத்தில் இரண்டு நாள் அவர் ஒரு மரப்பெட்டியோடு ரயில் ஏறுவார். கப்பலில் இருக்கும் காற்றழுத்தமானி சரியாகக் காட்டுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் கருவி அதற்குள் இருந்தது. ஆவடியிலிருந்து சீட்டாடிக்கொண்டே வரும் கூட்டம் ஒன்று அந்தப் பெட்டியைப் பல மாதம் சந்தேகத்தோடு பார்த்தது. கடைசியில் ஒருவர் கேட்டே விட்டார்.

"இன்னா அண்ணாத்தே, பொட்டிய மடிலயே வச்சிகினு வர, உள்ள இன்னா கீது?"

"காத்து எவ்வளவு அழுத்துதுன்னு பாக்குற கருவிங்க."

"அத்தத் தூக்கி மேல போட்டுக் குந்தேன்."

"மேல வச்சா ஆடும். ஆடினா பொய் சொல்லும்."

"அப்டியா? ஒரு தபா எங்க ஊட்டாண்ட எட்த்துகினு வா. ஊட்டுக்காரி எம்மாம் அழுத்தம்னு பாத்து சொல்லிடு."

ரயில் பெட்டி முழுக்கச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. வில்லிவாக்கம் வரை யோசித்துவிட்டு, ஆட்களுக்கு இதில் அளவு இல்லை என்று மரியாதையாகப் பதில் சொன்னார்.

1987-இல் எங்கள் ஊருக்குக் கப்பல் வந்தது. இந்தக் குறிப்புகளைத் தொகுக்கும் வெளிநாட்டு மையம் ஒன்று சந்தேகக் குறிப்புகளின் பட்டியலை அனுப்பியிருந்தது. அதில் ஒரு கப்பல் நின்றதாக எழுதியிருந்த இடத்தை அவர் வரைபடத்தில் குறித்துப் பார்த்தார். புள்ளி அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் விழுந்தது. அலை ஒன்றரை மீட்டர். தண்ணீர் நல்ல வெதுவெதுப்பு. இதை அவர் எனக்குக் காட்டியபோது முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

தீர்க்கரேகை எண்பது டிகிரி என்று இருக்கிறது, ஓர் எண் மாறியிருக்கும், எண்பத்தெட்டு என்று திருத்திவிடுங்கள், கப்பல் கடலுக்குப் போய்விடும் என்றேன்.

"எண்பத்தெட்டுன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்? நீங்க அதுல இருந்தீங்களா?"

"அம்பத்தூர்ல இல்லைங்கறது தெரியுமில்ல?"

"அது தெரியும். அதான் சந்தேகம்னு குறி போட்டிருக்கேன். எங்க இருந்துதுன்னு தெரியாது."

ஆக, சந்தேகக் குறியோடு அந்தக் கப்பல் உலக நாடுகளின் நாடாக்களில் இன்றைக்கும் எங்கள் ஊரில்தான் நிற்கிறது. ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்ட எங்களில் பலர் அதைவிடக் குறைவாகத்தான் நின்றிருக்கிறோம்.

அவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதென்றால், காலியாக இருக்கும் கட்டத்தின்மீது அவருக்குப் பக்தி. பார்த்ததை எழுத வேண்டும், பார்க்காததைக் காலியாக விட வேண்டும். இதற்கு நடுவில் மனிதர்கள் செய்கிற எல்லாம் அவருக்குப் பொய். 1991 பிப்ரவரியில் மக்கள் தொகைக் கணக்கெடுக்க ஒரு பள்ளி ஆசிரியர் வந்தார். இவர் வீட்டிலிருந்த மாமியாரின் வயதைக் கேட்டார். இவர் தெரியாது என்றார்.

"சுமாரா சொல்லுங்க சார். எழுபது இருக்குமா?"

"சுமார்னு தனியா கட்டம் இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப காலியா விடுங்க. காலிக் கட்டம் பொய் சொல்லாது."

காலியாக விட்டால் மேலதிகாரி தாளைத் திருப்பி அனுப்புவார் என்று ஆசிரியர் கெஞ்சிப் பார்த்தார். இவர் அசையவில்லை. ஆசிரியருக்கு இன்னும் பல வீடுகள் பாக்கி. வெளியே வந்து, என் மதில்மேல் தாளை வைத்து, 72 என்று எழுதிக்கொண்டு போனார். அன்று தேசத்தின் கணக்கு என் மதிலில்தான் முழுமை பெற்றது. இதை நான் அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

இவ்வளவும் தெரிந்திருந்தும் அவர் மகளுக்கு நான் ஒரு வரன் கொண்டுபோனேன். என் அறிவைப் பற்றி என் மனைவிக்கு இருக்கும் அபிப்பிராயம் அந்த நாளிலிருந்து தொடங்குவது.

மகள் வசந்திக்கு அப்போது இருபத்தாறு வயது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். பையன் குமரேசன் என் மனைவியின் அக்கா மகன், வீடு காட்டுப்பாக்கத்தில். இரும்புத் தாது ஏற்றிக்கொண்டு ஜப்பான் போகும் சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரி. ஜாதகம் எட்டுப் பொருத்தம். குடியரசு தினமும் ஞாயிறும் ஒன்றாக வந்த 1992 ஜனவரி 26 அன்று பெண் பார்க்க வந்தார்கள்.

கேசரி சாப்பிடும்போது அவர் கப்பலின் பெயரைக் கேட்டார். குமரேசன் சொன்னான். அவர் முகம் மலர்ந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"அந்தக் கப்பலா? உங்க பதிவேடு எங்ககிட்டதானே தம்பி வருது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். வசந்தியும் குமரேசனும் கொல்லைப்பக்கம் பத்து நிமிடம் பேசினார்கள். திரும்பி வந்தவள், கேட்காமலே அவன் தட்டில் இன்னொரு கரண்டி கேசரி வைத்தாள். அதற்குமேல் யாரும் அவளிடம் சம்மதம் கேட்கவில்லை.

பெண்ணைக் கொடுப்பவர்கள் பையனைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். கொஞ்சம் துணிந்தவர்கள் அலுவலகத்தில் விசாரிப்பார்கள். இவர் வங்கக் கடலில் விசாரித்தார். 1990-இல் குமரேசன் எழுதிக் கொடுத்த பதிவேட்டின் நகலை அலுவலகத்தில் தேடி எடுத்து, தினமும் உணவு இடைவேளையில் படித்திருக்கிறார். பிப்ரவரி முதல் வாரம் முடிவதற்குள் என் வீட்டுக்கு வந்து, "சரியா வராது சார்" என்றார்.

குடியா என்று கேட்டேன். இல்லை. வேறு பெண்ணா? அதெல்லாம் பதிவேட்டில் இருக்காது என்றார்.

"போய்த் திரும்பி வர நாப்பத்தோரு நாள். தினம் நாலு தடவை. ஒரு கட்டம்கூட காலியா இல்ல. எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரே பேனா."

"பொறுப்பான பையன்னுதானே அர்த்தம்?"

"எப்ப சார் தூங்கினான்?"

அவர் விடவில்லை. அந்த நாற்பத்தொரு நாளில் மூன்று நாள் வங்கக் கடலில் பெரும் புயல். அதே பகுதியில் இருந்த மற்ற கப்பல்கள் அந்த மூன்று நாளும் கடல்நீர் சூட்டைக் காலியாக விட்டிருந்தன. குமரேசனின் பதிவேட்டில் மட்டும் ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம் வாளி தவறாமல் இறங்கியிருந்தது.

"அந்த அலையில வாளி இறக்கினவன் உசிரோட பொண்ணு பாக்க வந்திருக்க மாட்டான் சார்."

அவர் மனைவி அவரிடம் பேசுவதை நிறுத்தினார். என் மனைவி என்னிடம் பேசுவதை நிறுத்தினாள். வசந்தி யாரிடமும் எதுவும் சொல்லாமல் வேலைக்குப் போய் வந்தாள். நாளெல்லாம் ஊரார் பேச்சுக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு வருகிற பெண், வீட்டில் வாயே திறக்கவில்லை. ஒரு பத்து நாள் எங்கள் இரண்டு வீட்டிலும் நல்ல அமைதி. ஆண்கள் இருவரும் அதைச் சகித்துக்கொண்டோம்.

குமரேசன் அந்த மாதம் இருபதாம் தேதி கப்பலுக்குத் திரும்ப வேண்டும். 16-ஆம் தேதி, ஞாயிறு காலை, யாரையும் துணைக்கு அழைக்காமல் பைக்கில் அவர் வீட்டுக்கே வந்துவிட்டான். எட்டிப் பார்த்த என்னை, "நீங்களும் வாங்க சித்தப்பா" என்று கூப்பிட்டான். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன்.

அவன் சுற்றி வளைக்கவில்லை. "எல்லாக் கப்பல்லயும் இப்படித்தான் சார். வாட்ச் டூட்டில இருக்கறவன் எவனும் ஒழுங்கா எழுத மாட்டான். துறைமுகம் வரப்போகுதுன்னா ஒரு வாரத்துக்கானத நான் ஒரே மூச்சா உக்காந்து எழுதிடுவேன். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

"எழுதாம விட்டிருந்தா உங்கள யார் கேட்டிருப்பாங்க தம்பி? சம்பளமா குடுக்கறோம்?"

"கேப்டன் கேட்பார் சார். நல்லா எழுதுற கப்பலுக்கு வருஷா வருஷம் பாராட்டுப் பத்திரம் குடுக்கறீங்களே. இந்த வருஷம் லிஸ்ட்ல எங்க கப்பல் பேர் இருக்கு."

அவர் உள்ளே போய்ப் பதிவேட்டு நகலையும் ஒரு பென்சிலையும் கொண்டுவந்து வைத்தார். கண்ணால் பார்த்து எழுதியதற்கெல்லாம் ஒரு குறி போடச் சொன்னார். மணி பதினொன்று. பெண் கேட்டு வந்த பையன் குனிந்து உட்கார்ந்து கடலுக்கு மார்க் போடுவதை நான் ஒரு மணி வரை பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வாரத்தில் குறிகள் மடமடவென்று விழுந்தன. இரண்டாம் வாரத்தில் தயங்கித் தயங்கி விழுந்தன. மூன்றாம் வாரத்தில் பென்சில் நின்றுவிட்டது.

"இதுக்கு மேல தெரியல சார். பாத்தேனா, பாத்த மாதிரி எழுதினேனான்னு எனக்கே குழம்புது."

"அதையே எழுதுங்க" என்றார் அவர். அதுவரை இல்லாத மென்மை அந்தக் குரலில் இருந்தது.

ஆனால் அதோடு விடவில்லை. இந்தப் பதிவேடு ஏற்கனவே பல நாடுகளுக்குப் போய்விட்டதாம். எனவே இன்னின்ன பக்கங்கள் நம்பத் தகாதவை என்று தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் போக வேண்டும். அவர்கள் அதை எல்லா நாடுகளுக்கும் அனுப்புவார்கள். ஒரு நகல் கப்பலுக்கும் போகும். எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும். குமரேசன் பென்சிலைக் கீழே வைத்தான். கேப்டன் அந்த நகலைப் பார்த்தால் தன் பதவி உயர்வுத் தாளில் கைவைத்துவிடுவார் என்றான். எதிர்பார்த்த பதில்தான் என்பதுபோல இவர் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் வசந்தி உள்ளேயிருந்து வந்தாள். யாரையும் பார்க்காமல் பதிவேட்டை எடுத்து நாலைந்து பக்கம் புரட்டினாள்.

"அப்பா, ஒவ்வொரு பக்கத்துலயும் கீழ 'சரிபார்க்கப்பட்டது'ன்னு முத்திரை இருக்கே. இது யாரோட கையெழுத்து?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னுது."

"எப்ப போட்டீங்க?"

"தொண்ணூறு டிசம்பர்ல."

"ஒரே கையெழுத்து, ஒரே பேனான்னு அன்னைக்குத் தெரியலையா? பொண்ணு குடுக்கணும்னு வந்தப்பதான் கண்ணுல பட்டுதா?"

ஒன்பது வருடமாக அவர் ஒரு தப்பில் மாட்டுவாரா என்று காத்திருந்தவன் நான். மாட்டினபோது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வாசல்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "வருஷக் கடைசி. பதிவேடு குவிஞ்சு கெடந்துது. எல்லாம் அரைகுறை. இது ஒண்ணுதான் முழுசா நிரம்பியிருந்துது. சந்தோஷத்துல குத்திட்டேன்."

காலிக் கட்டத்தின் பக்தர், நிரம்பிய பக்கத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார். எங்கள் கணக்கெடுப்பு ஆசிரியரின் மேலதிகாரியும் அப்படித்தானே இருந்திருப்பார்?

வசந்தி கேட்டாள். "இந்தக் கடிதம் போகலைன்னா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. யாருக்கும் தெரியாது."

இதைவிட வசதியான பதிலை அவர் மகளுக்குக் கொடுத்திருக்க முடியாது. அவள் அதை எடுத்துக்கொள்வாள் என்று நான் நினைத்தேன். அவள் பதிவேட்டை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றாள். அவர் கடிதத்தை எழுதி முடித்து, கடைசியில் ஒரு வரி சேர்த்தார். "மேற்படிப் பதிவேட்டைச் சரிபார்த்தவன் நான். சரியாகப் பார்க்கவில்லை." கையெழுத்துப் போட்டுத் தாளைக் குமரேசன் பக்கம் தள்ளினார். குமரேசன் வசந்தியைப் பார்த்தான். அவள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையெழுத்துப் போட்டான். அப்போது மணி இரண்டு பத்து. என் டைரியில் இருக்கிறது.

இப்படியாக, கல்யாணப் பத்திரிகைக்கு முன்னால் உலக நாடுகளுக்கெல்லாம் பிழைதிருத்தம் அனுப்பி நிச்சயிக்கப்பட்ட சம்பந்தம் எங்கள் தெருவில் நடந்தது. பலன்களும் உடனே வந்தன. யாருமே கேட்காத தப்பைத் தானாக ஒப்புக்கொண்டதற்கு அவருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. வரவேண்டிய பதவி உயர்வு நின்றது. 1995-இல் அதே நாற்காலியிலிருந்துதான் ஓய்வு பெற்றார். கப்பலுக்குப் பாராட்டுப் பத்திரம் இல்லை. கேப்டன் எழுதிய குறிப்பால் குமரேசன் இன்னும் இரண்டு வருடம் இரண்டாம் அதிகாரியாகவே இருந்தான். வெளிநாடுகளில் ஒன்று நன்றி சொன்னது. இன்னொன்று, அந்த எண்களை வைத்து வரைபடம் அச்சாகிவிட்டது, அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று எழுதியது. கல்யாணம் மட்டும் அந்த ஆவணியில் காட்டுப்பாக்கத்தில் ஒழுங்காக நடந்தது.

அதன்பிறகு மாப்பிள்ளையின் பதிவேடு வந்தால் அவர் தொடமாட்டார். உறவுக்காரர் எழுதியதை உறவுக்காரர் சரிபார்ப்பது முறையல்ல என்று பக்கத்து மேஜைக்காரரிடம் தள்ளிவிடுவார்.

1994 ஜூலையில் வசந்தி தலைப்பிரசவத்துக்கு அம்பத்தூர் வந்திருந்தாள். குமரேசன் கப்பலில். விசாகப்பட்டினத்தில் தாது ஏற்றிக்கொண்டு கப்பல் மறுபடி போய்விட்டது. அங்கே அவன் ஒப்படைத்த பதிவேடு மட்டும் தபாலில் சென்னைக்கு வந்தது. அதைப் பார்க்க வேண்டும் என்று வசந்தி கேட்டிருக்கிறாள். சரிபார்க்கத்தான் அவருக்கு முறையில்லை, கொடுப்பதற்கு உண்டு. யார் கேட்டாலும் கொடுக்க வேண்டும் என்பதுதானே ஏற்பாடு. நகல் எடுத்து வந்து கொடுத்தார்.

மறுநாள் மாலை நான் அவர் வீட்டில் இரவல் வாங்கியிருந்த செய்தித்தாளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவள் அதை மேஜைமேல் விரித்து வைத்திருந்தாள். ஒரு பக்கத்தில் இரண்டரை நாள் முழுக்க வெறும் கட்டங்கள். ஓரத்தில் அவன் கையெழுத்தில், "வாளி இறக்க இயலவில்லை. தளத்தில் நிற்க முடியவில்லை." அதன் பக்கத்தில், அதே தேதி போட்டு அவன் அவளுக்கு எழுதிய கடிதத்தை வைத்திருந்தாள். எனக்கு அதை வாசித்தே காட்டினாள். கடல், தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடக்கிறதாம். மத்தியானம் மீன்குழம்பாம். நன்றாகத் தூங்கினானாம். அவள் குரலில் ஏதும் இல்லை. கை மட்டும் வயிற்றின்மேல் இருந்தது.

அவர் அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றினார். அவள் இரண்டையும் அவர் முன்னால் தள்ளினாள்.

"இதுல எதுப்பா சரி?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். காலிக் கட்டங்களை ஒவ்வொன்றாக, விரலை வைத்து, இரண்டரை நாளையும் கடந்து வந்தார். பிறகு கடிதத்தை எடுத்தார். மேலே இருந்த தேதியை மட்டும் பார்த்தார். மடித்த மடிப்பிலேயே மடித்து, உறைக்குள் போட்டு, மகளிடம் நீட்டினார்.

"இது எங்க ஆபீசுக்கு வந்ததில்லம்மா. நான் சரிபாக்க முடியாது."